நோபல் வாங்கிய நுண்துளைச் சட்டகங்கள் முதல் கணினி சொல்லும் படிகங்கள் வரை: பொருள் வேதியியலில் உண்மையில் முன்னேறியது எது?

#1 · நுண்துளை

நண்பர்களுக்கு வணக்கம். 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் உலோகக் கரிமச் சட்டகங்களுக்குக் கிடைத்தது. உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் கோத்த, நுண்துளைகள் நிறைந்த படிகங்கள் இவை. சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். அப்போதிருந்தே இந்த இழையைத் தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பொருள்களோடு ஆய்வகத்தில் சில வருடங்கள் கழித்தவன் நான். செய்திகளில் வந்ததெல்லாம் "இரண்டு மூன்று கிராமுக்குள் ஒரு கால்பந்து மைதானம்" என்ற வரிதான். அவ்வளவு உட்பரப்பு என்பது உண்மை. ஆனால் என்னைப் பொறுத்தவரை கதையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது.

1974இல் ராப்சன் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காக மரப்பந்துகளில் அணு மாதிரிகள் செய்யப் போனார். எந்தப் பந்தில் எந்த இடத்தில் துளை போடுவது என்று அவரே குறித்துப் பட்டறைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. பந்துகள் திரும்பி வந்ததும் கோத்துப் பார்த்தார். துளை இருந்த இடங்களே கட்டமைப்பை முடிவு செய்துவிட்டன. அப்படியானால் மூலக்கூறுகளையே இப்படித் துளை போட்ட பந்துகளாகப் பாவித்தால் என்ன? இந்தக் கேள்வி பத்து வருடங்களுக்கு மேல் அவருக்குள் கிடந்தது. 1989இல் செம்பு அயனியையும் நான்கு கைகள் கொண்ட ஒரு கரிம மூலக்கூறையும் சேர்த்து, வைரத்தின் அடுக்குமுறையில், உள்ளே பெரிய வெற்றிடங்களோடு ஒரு படிகத்தை வெளியிட்டார்.

அந்தப் படிகம் அழகானது, ஆனால் நொய்மையானது. அந்தக் கால வலைப்பின்னல்களில் பலவற்றின் துளைகளுக்குள் கரைப்பான் நிரம்பியிருக்கும். அதை வெளியே எடுத்தால் எல்லாம் இடிந்துவிடும். 1997இல் கிடகாவாவின் குழு, வாயு உள்ளே போய் வெளியே வந்த பிறகும் குலையாத முப்பரிமாணச் சட்டகத்தைக் காட்டியது. 1999இல் யாகியின் எம்.ஓ.எஃப்-5 வந்தது (எம்.ஓ.எஃப் என்பது உலோகக் கரிமச் சட்டகத்தின் ஆங்கிலச் சுருக்கம்). காலியாக இருக்கும்போதே 300 டிகிரி செல்சியஸ் வரை தாங்கியது. துறை உண்மையில் பிறந்தது அந்த இரண்டு வருடங்களில்தான் என்பேன். படிகம் வளர்ப்பதற்கும் வளர்த்ததை நிற்க வைப்பதற்கும் நடுவில் பெரிய தூரம் உண்டு. பொருள் வேதியியலில் வரும் எந்தச் செய்தியைப் படித்தாலும் நான் தேடுவது அந்தத் தூரத்தைத்தான்.

உங்கள் துறைகளில் அண்மையில் வந்தவற்றில் எது நின்றது, எது விழுந்தது? எழுதுங்கள்.

#2 · வாசகி

நான் வேதியியல் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியவள். ஒரு கிராம் பொருளுக்குள் எப்படி ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு இருக்க முடியும்? மடித்து வைத்திருக்கிறார்களா?

#3 · நுண்துளை

நல்ல கேள்வி, வாசகி. மடிப்பு இல்லை. ஒரு கனசதுரக் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு என்பது வெளியே தெரியும் ஆறு முகங்கள் மட்டும். உள்ளே இருக்கும் கோடானுகோடி அணுக்கள் வெளிக்காற்றைப் பார்ப்பதே இல்லை. இப்போது அந்தக் கட்டிக்குள் சுவரெல்லாம் ஒரே ஒரு மூலக்கூறு தடிமன் இருக்கும்படி அறை அறையாகக் குடைந்துவிடுங்கள். ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு பக்கமும் காலி இடம். கிட்டத்தட்ட எல்லா அணுவுமே பரப்பில் இருக்கும். உள்ளே வரும் வாயு மூலக்கூறு எந்தச் சுவரிலும் போய் ஒட்டிக்கொள்ளலாம். எம்.ஓ.எஃப்-5இல் கிராமுக்கு ஏறத்தாழ 2900 சதுர மீட்டர் சொன்னார்கள். 2012இல் என்.யூ-110 என்ற பொருளில் அது 7000ஐத் தாண்டியது.

#4 · கரிமம்

அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று சொல்லவே வந்தேன். கரியமில வாயுவைப் பிடிக்கும் வேலையில் இருப்பவன் நான். எங்கள் பக்கத்தில் அண்மைக் காலத்தில் பெரிய விஷயம் என்று நான் நினைப்பது கால்ஃப்-20 என்ற உலோகக் கரிமச் சட்டகம். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசு குழு உருவாக்கியது, 2021இல் விவரமாக வெளிவந்தது. துத்தநாகம், ட்ரையசோல், ஆக்சலேட் மூன்றும்தான் மூலப்பொருள்கள். பரப்பு கிராமுக்கு 500 சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். சாதனைப் பட்டியலில் யாரும் திரும்பிப் பார்க்காத எண்.

ஆனால் ஆலைப் புகையில் கரியமில வாயு தனியாக வருவதில்லை, நீராவியும் கூடவே வருகிறது. நீர் மூலக்கூறு முனைவுத்தன்மை கொண்டது. திறந்த உலோக மையம் கண்ணில் பட்டால் முதலில் போய் உட்கார்ந்துகொள்ளும், கரியமில வாயுவுக்கு இடமே இருக்காது. சில சட்டகங்களில் நீர் உலோகப் பிணைப்பையே உடைத்துவிடும். எம்.ஓ.எஃப்-5 ஈரக்காற்றில் வைத்தாலே கெடும். கால்ஃப்-20 ஈரப்பதம் நடுத்தரமாக இருக்கும்வரை நீரைவிடக் கரியமில வாயுவைத்தான் விரும்புகிறது. பிடித்ததை விடுவிக்க நேரடியாக நீராவியைப் பாய்ச்சினாலும் சட்டகம் கலைவதில்லை. லட்சக்கணக்கான சுழற்சிகளை அது தாங்கியதாகக் காட்டியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: 500 சதுர மீட்டர் நின்றது, அதைப் போலப் பத்து மடங்கு பரப்பு கொண்டவை ஆய்வகக் குப்பியிலேயே தங்கிவிட்டன.

இன்னொன்று, சி.ஓ.எஃப்-999. முழுக்கக் கரிம மூலக்கூறுகளால் ஆன சட்டகம், இதில் உலோகமே கிடையாது. பெர்க்லியில் யாகி குழுவின் வேலை, 2024 அக்டோபரில் வந்தது. கார்பனும் கார்பனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த முதுகெலும்பு, உள்ளே கரியமில வாயுவைப் பிடிக்கும் அமீன் (நைட்ரஜன் கொண்ட தொகுதி) தொடர்கள். பழைய கரிமச் சட்டகங்களில் இணைப்புகள் நீரிலும் காரத்திலும் அவிழ்ந்துவிடும். இந்த இரட்டைப் பிணைப்பை அவிழ்ப்பது கடினம். திறந்தவெளிக் காற்றையே உறிஞ்ச வைத்து 100 சுழற்சிகள் ஓட்டினார்கள், செயல்திறன் குறையவில்லை. பிடித்ததை விட 60 டிகிரி சூடு போதும். 200 கிராம் பொருள் வருடத்தில் 20 கிலோ கரியமில வாயுவைப் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. வெளிக்காற்றில் அந்த வாயுவின் அளவு பத்தாயிரத்தில் நான்கு பங்குதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

#5 · ஒளிமுனை

சோலார் பக்கத்திலிருந்து ஒரு குரல். நுண்துளை சொன்ன "நிற்க வைக்கும் தூரம்" எங்கள் பெரோவ்ஸ்கைட்டில் (ஈயமும் அயோடைடு போன்ற அயனிகளும் கொண்ட, ஒளியை மின்சாரமாக்கும் படிகம்) இருக்கும் அளவுக்கு வேறெங்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

2009இல் ஜப்பானின் மியாசகா குழு முதலில் செய்த செல்லின் திறன் 3.8 சதவீதம். அதில் திரவ மின்பகுளி இருந்தது, அந்தத் திரவமே பெரோவ்ஸ்கைட்டைக் கரைத்துவிடும். செல்லின் ஆயுளை நிமிடங்களில் எண்ண வேண்டிய நிலை. 2012இல் திரவத்தை எடுத்துவிட்டுத் திண்மப் பொருளை வைத்தார்கள், அப்புறம்தான் உலகமே இந்தப் பக்கம் ஓடி வந்தது. இப்போது சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் அடுக்கிய இணை செல்லில் சீனாவின் லாஞ்சி நிறுவனம் 34.85 சதவீதம் காட்டியிருக்கிறது, 2025இல். ஒளியை உறிஞ்ச ஒரே பொருள் கொண்ட ஒற்றைச் சந்தி செல்லுக்குக் கோட்பாட்டு உச்சவரம்பே 33 சதவீதச் சொச்சம்தான். அந்த வரம்பை அடுக்கு முறையால் தாண்டியாயிற்று. நீல ஒளியை மேலடுக்கு எடுத்துக்கொள்ளும், சிவப்பையும் அகச்சிவப்பையும் கீழே சிலிக்கான் எடுத்துக்கொள்ளும். புரோமைடையும் அயோடைடையும் எந்த விகிதத்தில் கலக்கிறோமோ அதற்கேற்ப மேலடுக்கு விழுங்கும் நிறத்தை நகர்த்தலாம். இந்த வசதி சிலிக்கானுக்கு இல்லை.

சரி, சிக்கல் எங்கே? இது அயனிப் படிகம். அயோடைடு அயனிகள் இருந்த இடத்தில் இருப்பதில்லை. வெளிச்சமும் மின்புலமும் பட்டால் நகரும். கலந்து வைத்த புரோமைடும் அயோடைடும் வெளிச்சத்தில் தனித்தனியாகப் பிரிந்து போகும். நகர்ந்த அயோடைடு உலோக மின்முனை வரை போய் அரிக்கும். தகடுகளுக்கு வழக்கமான சோதனை ஒன்று உண்டு: 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம். சிலிக்கான் தகடு அதைக் கடந்து வந்துதான் 25 வருட உத்தரவாதம் தருகிறது. எங்கள் துறையில் ஒரு சதுர சென்டிமீட்டர் துண்டில் சாதனை படைத்த செய்தி வரும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது இந்தச் சோதனையைத்தான். ஈயம் இருப்பது இன்னொரு கவலை. அதைத் தகரத்தால் மாற்றினால் தகரம் காற்றில் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது.

இருந்தாலும் நம்பிக்கையோடுதான் இருக்கிறேன். 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு பி.வி. நிறுவனம் இணை அடுக்குத் தகடுகளை வணிக முறையில் அனுப்பத் தொடங்கியது. வெயிலில் நிற்கும் தகடுதான் இனிப் பதில் சொல்லும்.

#6 · கணிப்பாளர்

எல்லோரும் குப்பியையும் அடுப்பையும் பற்றியே பேசுகிறீர்கள். கணினிப் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் கூகுளின் டீப்மைண்ட் வெளியிட்ட நோம் என்ற நரம்பு வலை (தரவிலிருந்து கற்கும் கணினி நிரல்) 22 லட்சம் புதிய படிக அமைப்புகளைக் கணித்தது. அவற்றில் சுமார் 3,80,000 நிலையானவை என்றார்கள். அதே நாளில் பெர்க்லியின் ஏ-லேப் கட்டுரையும் வந்தது. ரோபோ கைகள் தூளைக் கலந்து, உலையில் வைத்து, எக்ஸ் கதிர் எடுத்து, விடை சரியில்லை என்றால் தானே செய்முறையை மாற்றி மறுபடி முயலும். 17 நாளில் 58 இலக்குகளில் 41ஐச் செய்துவிட்டது என்றார்கள். ஒரு ஆய்வு மாணவருக்கு இது எத்தனை வருட வேலை! அண்மைக் காலத்தின் ஆகப் பெரிய முன்னேற்றம் இதுதான் என்பது என் கருத்து.

#7 · தூள்படிகம்

கணிப்பாளர் அவர்களே, உங்கள் உற்சாகம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் தொழிலே தூள் எக்ஸ் கதிர் வரைபடங்களைப் படிப்பது (அவற்றின் சிகரங்களிலிருந்து படிகத்தில் அணுக்கள் அமைந்த விதத்தை அறியலாம்). அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த 41இல் பெரும்பகுதியை ராபர்ட் பால்கிரேவ், லெஸ்லி ஷூப் ஆகியோரின் குழு மறுபடி ஆராய்ந்தது. புதியவை என்று சொன்னவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கணித்த சேர்மங்களின் ஏற்கெனவே தெரிந்த ஒழுங்கற்ற வடிவமாக இருக்கலாம் என்று காட்டினார்கள். புதிய பொருள் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதே அவர்கள் முடிவு.

இதன் வேதியியலைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பிரச்சினையின் வேர் இங்கேதான். ஒரு ஆக்சைடில் இரண்டு உலோகங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அளவும் மின்சுமையும் கிட்டத்தட்ட ஒன்று. கணினிக்கு ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு பெயர் வேண்டும். இது முதல் உலோகம், அது இரண்டாவது என்று வரிசையாக உட்கார வைக்கும். அந்த வரிசை தரவுத்தளத்தில் இல்லை, ஆகவே "புதிய படிகம்". ஆனால் 1000 டிகிரி உலையில் அணுக்கள் அப்படி உட்காருவதில்லை. இரண்டும் அதே இருக்கைகளில் கலந்து உட்காரும், ஏனென்றால் அந்த வெப்பத்தில் கலப்புக்கு எண்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) பலம் கொடுக்கிறது. வெளியே வரும் தூள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே யாரோ செய்து பதிவு செய்த திண்மக் கரைசலாக இருக்கும். வரிசை இருந்தால் எக்ஸ் கதிரில் சில மெல்லிய கூடுதல் சிகரங்கள் தெரிய வேண்டும். அவை இருக்கின்றனவா என்று பொறுமையாகப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. தானியங்கிப் பொருத்தல் அந்தச் சிகரங்கள் இல்லாததைக் கவனிக்காமல் கடந்துவிட்டது.

#8 · கணிப்பாளர்

ஏற்கிறேன். ஒழுங்கின்மையைக் கையாளத் தெரியாதது எங்கள் முறைகளின் உண்மையான குறை. இன்னொரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். நாங்கள் "நிலையானது" என்று எழுதும்போது அது சுழிய கெல்வினில் (சுமார் −273 டிகிரி செல்சியஸ்), வேறு சேர்மங்களாகப் பிரிந்தால் ஆற்றல் குறையாது என்ற பொருளில் மட்டும். அதைச் செய்ய முடியுமா, எந்த வெப்பநிலையில், எந்த மூலப்பொருளிலிருந்து என்று அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. எங்கள் கணக்கில் நிலையற்றது என்று வருவதும் நன்றாகவே இருக்கலாம். அறை நிலையில் கிராஃபைட்தான் நிலையானது, வைரம் இல்லை. ஆனாலும் வைரம் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் என் கருத்தின் ஒரு பாதியை விட மாட்டேன். ரோபோ ஆய்வகம் தோல்விகளையும் பதிவு செய்கிறது. மனிதர் எழுதும் கட்டுரையில் வேலை செய்யாத செய்முறை வருவதே இல்லை. கணினிக்குக் கற்றுக்கொடுக்க அந்தத் தோல்விகள்தான் வேண்டும்.

#9 · தூள்படிகம்

அந்தப் பாதியை முழு மனதோடு ஏற்கிறேன்.

#10 · மின்தடை

மறுபரிசீலனை பற்றிப் பேச்சு வந்ததால் எல்.கே-99 ஞாபகம் வருகிறது. 2023 ஜூலையில் கொரியக் குழு ஒன்று அறை வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில் மீக்கடத்தல் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாய்வது) என்று முன்வரைவு, அதாவது சக ஆய்வாளர்கள் இன்னும் சரிபார்க்காத கட்டுரை, வெளியிட்டது. ஈயம், செம்பு, பாஸ்பேட். சாதாரண உலையில் செய்யக்கூடியது என்பதால் உலகெங்கும் செய்து பார்த்தார்கள். சில வாரங்களில் விடை தெரிந்துவிட்டது. செய்முறையில் துணை விளைபொருளாகச் செம்பு சல்பைடு உருவாகிறது. அது 104 டிகிரி அருகே கட்டம் மாறும்போது மின்தடை சட்டென்று விழும். இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் அந்த வெப்பநிலையைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் கலப்படமே இல்லாத ஒற்றைப் படிகம் வளர்த்தார்கள். ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும் படிகம். மின்சாரத்தைக் கடத்தவே இல்லை.

பலர் இதைத் தோல்விக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது நம் துறை நன்றாக வேலை செய்த சில வாரங்கள்.

#11 · வாசகி

எல்லாம் படித்தேன், பாதி புரிந்தது, அதுவே சந்தோஷம். பெரிய பயன் எதுவும் சொல்லாமல், வெறும் அழகுக்காக உங்களுக்குப் பிடித்த ஒரு அண்மைக் கண்டுபிடிப்பு இருக்கிறதா?

#12 · மின்தடை

கோல்டீன். யோசிக்கவே வேண்டாம்.

ஓரணுத் தடிமன் தங்கத் தகடு, 2024 ஏப்ரலில் ஸ்வீடனின் லின்ஷோபிங் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. தங்க அணுக்களுக்கு உருண்டு திரள்வதுதான் பிடிக்கும், தட்டையாக இருப்பது பிடிக்காது. அதனால் டைட்டானியம், சிலிக்கான், கார்பன் அடுக்குகள் கொண்ட ஒரு பொருளை எடுத்து, சிலிக்கான் இருந்த அடுக்கில் தங்கத்தைப் புகுத்தினார்கள். அப்புறம் மீதியைக் கரைத்து எடுக்க முரகாமி கரைசலைப் பயன்படுத்தினார்கள். ஜப்பானிய உலோகக் கலைஞர்கள் நூறு வருடங்களுக்கு மேலாகக் கையாண்டுவரும் அரிப்புக் கரைசல் அது. வெளிச்சம் பட்டால் அதில் சயனைடு உருவாகித் தங்கத்தையே கரைத்துவிடும், அதனால் வேலை முழுவதும் இருட்டில். வெளியே வந்த தகடு சுருண்டுகொள்ளாமல் இருக்கப் பரப்பியங்கிகளை (சோப்பு போன்ற மூலக்கூறுகள்) சேர்த்தார்கள். நீர்த்த கரைசலில் வைத்து நாள்கணக்கில் காத்திருந்தார்கள். சாதாரணத் தங்கக் கட்டியில் ஒரு அணுவுக்கு 12 அண்டை அணுக்கள். இதில் 6 மட்டும்.

#13 · இளந்தளிர்

மன்னிக்கவும், நடுவில் ஒரு கேள்வி. முதுகலை ஆய்வுத் திட்டத்துக்கு எச்.கே.யு.எஸ்.டி-1 என்ற உலோகக் கரிமச் சட்டகம் செய்கிறேன், செம்பும் டிரைமெசிக் அமிலமும். எக்ஸ் கதிர் வரைபடம் அச்சு அசலாக வருகிறது, அழகான நீலத் தூள். ஆனால் நைட்ரஜன் உறிஞ்சும் அளவீட்டில் பரப்பு மிகக் குறைவு. மூன்று முறை செய்துவிட்டேன். வழிகாட்டியிடம் காட்டவே தயக்கமாக இருக்கிறது. என் கை சரியில்லையோ?

#14 · நுண்துளை

இளந்தளிர், முதலில் ஒன்று. 1999இல் இந்தப் பொருளை முதன்முதலில் வெளியிட்ட குழுவுக்கே கிராமுக்கு 692 சதுர மீட்டர்தான் கிடைத்தது. பின்னால் வந்தவர்கள் 1500க்கு மேல் அளந்தார்கள். சட்டகம் அதேதான். அவர்கள் துளைகளை நன்றாகக் காலி செய்யக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவே. உங்கள் கையில் குறை இல்லை.

எக்ஸ் கதிர் சரியாக வந்தால் சட்டகம் இருக்கிறது. துளைக்குள் மிஞ்சிய அமிலமும் கரைப்பானும் அடைத்துக்கொண்டிருக்கும். எப்படிக் கழுவினீர்கள், எந்த நிறத்தில் அளவீட்டுக்குப் போனது என்று சொல்லுங்கள். நிறம் முக்கியம்.

#15 · இளந்தளிர்

எத்தனாலில் ஒரு தடவை கழுவி, 80 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தினேன். வெளிர் நீலம்தான், தொடக்கத்தில் இருந்த அதே நிறம்.

#16 · நுண்துளை

விடை அந்த நிறத்திலேயே இருக்கிறது. இந்தச் சட்டகத்தில் ஒவ்வொரு செம்பு இணையின் இரு முனையிலும் நீர் மூலக்கூறு உட்கார்ந்திருக்கும். அது இருக்கும்வரை வெளிர் நீலம். அது போய்விட்டால் ஆழ்ந்த ஊதா கலந்த கருநீலம். உங்கள் தூள் இன்னும் காலியாகவே இல்லை.

சூடான எத்தனாலில் அமிலம் போகும்வரை பல தடவை கழுவுங்கள். பிறகு மெத்தனாலில் ஊறப் போட்டு நாளுக்கு ஒரு முறை என மூன்று நாள் மாற்றுங்கள். அவசரம் வேண்டாம், துளைக்குள் இருக்கும் கரைப்பான் வெளியே வர உண்மையிலேயே நேரம் ஆகும். அப்புறம் வெற்றிடத்தில் மெதுவாகச் சூடேற்றி 150 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். ஆரம்பத்திலேயே சூட்டை உயர்த்தினால் உள்ளே மிஞ்சிய நீர் சூடாகிச் செம்புப் பிணைப்புகளைத் தாக்கும்.

இதைவிட நொய்மையான சட்டகங்களுக்கு இன்னொரு வழி உண்டு. துளைக்குள் திரவம் ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை சுவர்களை உள்ளே இழுக்கிறது, இடிவது அதனால்தான். கரியமில வாயுவைத் திரவமாக உள்ளே நிரப்பி, 31 டிகிரிக்கும் சுமார் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் திரவம் வாயு என்ற எல்லையே மறைந்துவிடும். எல்லை இல்லாத இடத்தில் இழுவிசையும் இல்லை. 2009இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் இப்படிக் காட்டியபோது, பயனில்லை என்று ஒதுக்கிய பொருள்கள் சில உயிர்பெற்றன. உங்களுக்கு இப்போதைக்கு அது தேவைப்படாது.

வழிகாட்டியிடம் இன்றே காட்டுங்கள். குறைந்த எண்ணும் ஒரு முடிவுதான்.

#17 · கரிமம்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கையே. உலர்ந்த பிறகு குப்பியை எடை போடும்போது காற்று புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில நிமிடத்தில் ஈரம் உறிஞ்சி எடை கூடிவிடும், கிராமுக்கு என்று வகுக்கும்போது பரப்பு குறைவாகத் தெரியும்.

#18 · இளந்தளிர்

பத்து நாள் கழித்து வருகிறேன். மெத்தனாலை மூன்றாம் நாள் மாற்றும்போதும் அது லேசாக நீலமாக வந்தது, அதனால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொண்டேன். வெற்றிடத்தில் 150 டிகிரிக்குப் போகும் வழியிலேயே குப்பிக்குள் நிறம் மாறத் தொடங்கியது. ஓரத்தில் முதலில், பிறகு நடுவில். காலையில் வந்து பார்த்தபோது முழுக்கக் கருநீலம். பரப்பு முன்பு வந்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் வந்திருக்கிறது. கரிமம் அண்ணா சொன்னபடி காற்றுப்படாமல் எடை போட்டேன். வழிகாட்டி பழைய மூன்று அளவீடுகளையும் சேர்த்தே எழுதச் சொல்லியிருக்கிறார்.

அளவீடு முடிந்ததும் ஒரு சிட்டிகை தூளைக் கண்ணாடித் தட்டில் காற்றில் விட்டுப் பார்த்தேன். என் கண் முன்னாலேயே வெளிர் நீலத்துக்குத் திரும்பியது.

#19 · நுண்துளை

மீதியை நீரற்ற பெட்டியில் வையுங்கள் அம்மா. அடுத்து அதையே ஈரக்காற்றில் ஒரு வாரம் வைத்து, மறுபடி காலி செய்து, மறுபடி அளந்து பாருங்கள். அந்த எண்ணுக்காகக் காத்திருக்கிறேன்.